உத்தியோகமும் ஒளிப்படமும்

வயிற்றுக்கு ஒரு தொழில், மனத்துக்கு ஒரு கலை என இரண்டையும் தாங்கி வாழ்வோர் எவ்வூரிலும் உண்டு. பாட்டுப் பாடும் எழுத்தரை ஊர் மெச்சுகிறது. ஒளிப்படக் கருவியுடன் திரியும் எழுத்தரிடமோ, "இதில் என்ன வரும்படி?" என்று கேட்கிறது. வரும்படி இல்லாமையே இக்கலைஞனின் வலிமை என்பது என் கருத்து.

'புகைப்படம்' என்று நாம் வழங்கும் சொல்லில் புகை உண்டு. கலையில் உள்ளது ஒளியே. அவ்வொளியின் இயல்பை ஆராய்ந்தோருள் தலையாயவர் பஸ்ராவில் பிறந்த இப்னு அல்-ஹைதம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் நூலை அவர் இயற்றினார். சிறு துளை வழியே இருட்டறைக்குள் நுழையும் ஒளியையும் ஆராய்ந்தார். இன்றைய ஒளிப்படக் கருவியும் அடிப்படையில் ஓர் இருட்டறையே. அப்பேரறிஞர் கெய்ரோவில் பழைய கணித நூல்களைப் படியெடுத்து விற்று உணவு தேடினார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். படியெடுத்தது பிழைப்புக்கு, ஒளியை ஆராய்ந்தது அறிவு வேட்கைக்கு.

நம் மதுரையைத் தொடக்கக் காலத்திலேயே விரிவாகப் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப்பும் தொழிலால் படைவீரரே. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த அவர், விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்த காலத்தில் இக்கலையில் ஈடுபட்டார். அவர்தம் திறமை கண்டு சென்னை அரசாங்கம் 1856இல் அவரை ஒளிப்படப் பணிக்கு அமர்த்தியது. 1858இல் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் மெழுகு பூசிய தாள் நெகட்டிவ்களில் பதிவு செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். செலவு மிகுதி என்று அரசாங்கம் அப்பணியை நிறுத்திவிடவே, அவர் படைக்குத் திரும்பினார்.

அப்படங்களில் தூண்களும் கோபுரங்களும் துல்லியமாக விளங்குகின்றன. மனிதரைக் காண்பதுதான் அரிது. நெடுநேரம் ஒளி பட வேண்டிய அக்காலத் தாளில் நடமாடுவோர் பதியமாட்டார் என்பது ஒரு காரணம். வந்து செல்பவரின் கண்ணுக்குத் தூண் தெரியும். தூணோரம் அமர்ந்து பூக்கட்டுபவரின் வாழ்வு தெரியாது என்பது மற்றொன்று என எண்ணுகிறேன்.

இக்குறையைப் போக்க வல்லவர், ஓரூரிலேயே தங்கி உத்தியோகம் பார்ப்பவரே. திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் உள்ள டி. கல்லுப்பட்டியை எண்ணிப் பாருங்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை அங்கு ஏழூர் அம்மன் சப்பரத் திருவிழா நடைபெறும். நிமிர்ந்து நிற்கும் சப்பரத்தைப் படமெடுக்க அன்று வெளியூரிலிருந்தும் வருவர். அதற்கு முன்பே மூங்கில் பிளந்து கட்டிய கைகளையும், மறுநாள் வெறிச்சோடிய தெருவையும் அவ்வூர் ஆசிரியரோ அஞ்சல் ஊழியரோ அன்றி வேறு யார் காண்பார்? கிராமக் கைத்தொழில்களுக்காக வாதாடிய பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா வாழ்ந்த காந்தி நிகேதன் ஆசிரமமும் அவ்வூரில்தான் உள்ளது. அவர் 1960இல் மறைந்தார். அவர் போற்றிய குயவரும் நெசவாளரும் செக்காட்டியவரும் நம் கண்முன்னே குறைந்து வந்தனர். அவர்களுள் எத்தனை பேர் படத்தில் நிலைத்தனர்?

பிறரைக் கேட்கும் முன் என்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். வேலைக்குச் செல்லும் பேருந்திலிருந்து, கமலை இறைக்கும் முதியவர் ஒருவரை நாள்தோறும் கண்டுவந்தேன். 'அடுத்த ஞாயிறு எடுப்போம்' என்று ஒத்திவைத்தேன். ஒரு ஞாயிறன்று கருவியோடு சென்றபோது, கிணற்றடியில் மின்மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஈடுபாட்டின் அளவுகோல் விலையுயர்ந்த லென்ஸ் அன்று. சுருளுக்கு 36 படம் என்று எண்ணி எடுத்த காலம் போய், கைப்பேசியில் கணக்கின்றி எடுக்கும் காலம் வந்துவிட்டது. எடுத்தல் எளிதாயிற்று; பேணுதலே அரிதாயிற்று. ஒரு பொருளைத் தேர்ந்து பல்லாண்டு தொடர்தல், படந்தோறும் நாளும் இடமும் குறித்தல், அச்சிட்ட படி ஒன்றைப் படத்தில் உள்ளவருக்கே கொடுத்தல், விரும்பாதவரைப் படம் எடுக்காமை ஆகிய நான்குமே இப்பொழுதுபோக்கைப் பணியாக உயர்த்துவன. அலுவலக நேரத்தைத் திருடி எடுத்த படம் எத்துணை அழகாயினும் கறை உடையதே. திருட வேண்டிய தேவையும் இல்லை. நல்ல காலை ஒளி அலுவலகம் திறக்கும் முன்பே வந்துவிடுகிறது.

விற்றுப் பிழைப்பவர் வாங்குவோர் விரும்புவதை எடுத்தாக வேண்டும். மாத ஊதியம் பெறுபவரோ, யாரும் விலை கொடுக்காத முகங்களையும் எடுக்கலாம். பட்டம் பெற்றுப் பணிக்குச் செல்லவிருக்கும் மாணவச் செல்வங்களே, வேலை கிடைத்ததும் கலையை மூட்டை கட்டி வைக்காதீர்கள். உங்கள் ஊரில் இன்று கடைசியாக ஒரு தொழிலைச் செய்துகொண்டிருப்பவர் யார் என்று கேட்டறியுங்கள். வரும் ஞாயிறே அவரிடம் செல்லுங்கள்.