கால் அவனுடையது, சீட்டு முதலாளியுடையது!

2025 செப்டம்பர் 1-ந் தேதி இங்கிலாந்தில் ஒரு கால்பந்து ஆட்டக்காரர் 12 கோடியே 50 லட்சம் பவுனுக்குக் கைமாறினார். அலெக்சாண்டர் ஈசாக் என்று பெயர், ஸ்வீடன் தேசத்தவர். விற்றது நியூகாசில் கிளப், வாங்கியது லிவர்பூல் கிளப். 2028 வரை ஒப்பந்தம் இருந்தது. ஆனாலும், தமக்குக் கொடுத்த வாக்கைக் கிளப் காப்பாற்றவில்லை என்று சொல்லி அவர் ஆட மறுத்து ஒதுங்கி நின்றார். பல வாரம் இழுபறி நடந்த பிறகு கிளப் அவரை விட்டது.

"கொழுப்பு! கொட்டிக் கொடுக்கும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு இன்னும் என்ன குறை இவனுக்கு?" என்று பலர் கேட்டார்கள். நம் தோழர்களிலும் சிலர் அப்படிப் பேசினார்கள். ஸ்பின்னிங்கில் எட்டு மணி நேரம் நின்று கால் வீங்குகிறவன், நாற்றுக் கட்டைச் சுமந்து முதுகு ஒடிகிறவன், இப்படிக் கேட்பதில் அதிசயம் என்ன இருக்கிறது? ஆனால் இதே நியூகாசில் கிளப்பில், 65 ஆண்டுகளுக்கு முன்னால், "இனி இங்கே ஆடமாட்டேன்" என்று இன்னொருவர் சொன்னார். ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்பவர் அவர். 2024 டிசம்பரில், 88-வது வயதில் காலமானார். அவர் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்வோம்.

நியூகாசில் வட இங்கிலாந்திலுள்ள நகரம். நிலக்கரிக்கும் கப்பல் கட்டும் பட்டறைகளுக்கும் ஒரு காலத்தில் பேர் போனது. சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் சுரங்கத் தொழிலாளியும் பட்டறைத் தொழிலாளியும் தங்கள் காசில் டிக்கெட் வாங்கி மைதானத்தை நிரப்புவார்கள். அந்தக் கிளப்புக்கு 1956-ல் ஈஸ்ட்ஹாம் வந்து சேர்ந்தார். அவருடைய தகப்பனாரும் இங்கிலாந்து நாட்டுக்காக ஆடியவர். மகன் மெலிந்த தேகம். முரட்டு ஆட்டம் கிடையாது. பந்தைக் கணக்காகத் தள்ளி அடுத்தவனுக்கு வழி திறந்து விடுவதில் கெட்டிக்காரர்.

அவர் கேட்டது என்ன? கோடியா கேட்டார்? கிளப் கொடுத்த வீடு குடியிருக்க லாயக்கில்லை என்றார். ஆட்டம் போக மற்ற நேரத்துக்கு ஏற்பாடு செய்து தந்த வேலை திருப்தியாக இல்லை என்றார். நாட்டின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடப் போவதைத் தடுக்கப் பார்க்கிறார்கள் என்றார். இந்தக் குறைகள் தீராததால் 1960-ல் ஒப்பந்தம் முடிந்தபோது, "புதிதாகக் கையெழுத்துப் போட மாட்டேன், என்னை வேறு கிளப்புக்கு விடுங்கள்" என்றார். அவ்வளவுதான். ஒப்பந்தத்தை மீறவில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் கேட்டார்.

கிளப் முடியாது என்றது. ஒப்பந்தம் முடிந்த பிறகு முடியாது என்று சொல்ல அவர்களுக்கு என்ன அதிகாரம்? இங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது, கவனியுங்கள்.

அந்தக் காலத்தில் ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். ஆனால் ஆட்டக்காரனின் பதிவுச் சீட்டு கிளப்பின் கையில் இருக்கும். வருஷம் முடிந்ததும், "உன்னை நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்று கிளப் அறிவித்துவிட்டால் போதும். கையெழுத்துப் போடாவிட்டால் சம்பளம் கிடையாது. ஆனால் சீட்டையும் விடமாட்டார்கள். சீட்டு இல்லாமல் லீக்கிலுள்ள வேறு எந்தக் கிளப்பும் அவனைச் சேர்க்கக் கூடாது. ஆக, கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் பட்டினி கிட! இதற்கு மேல் கூலிக்கும் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 1901-ல் வாரத்துக்கு 4 பவுன் என்று தொடங்கியது. 1958 முதல் ஆட்டப் பருவத்தில் 20 பவுன், கோடையில் 17 பவுன். ஒரு கிளப்பே மனம் இரங்கி அதிகம் கொடுக்க நினைத்தாலும் கொடுக்கக் கூடாது. முதலாளிகளுக்குள்ளே எத்தனை ஒற்றுமை பாருங்கள்! தொழிலாளி ஒன்று சேர்ந்தால் சதி என்பார்கள். தாங்கள் சேர்ந்தால் அதற்கு விதிமுறை என்று பெயர்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வந்த குடும்பங்களில் பெரியவர்கள் "துண்டு" என்ற சொல்லைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த சீட்டு அது. அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ள இன்னொரு தோட்டம் முன்வந்தால்தான் தொழிலாளி இடம் மாற முடியும். அந்தத் தோட்டங்களை நடத்தியவர்களும் பெரும்பாலும் இதே வெள்ளை முதலாளிகள்தான். இலங்கையில் 1921-ல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். அவர்களுடைய சொந்த நாட்டுப் பந்து மைதானத்திலோ அதன் தம்பி இன்னும் 40 ஆண்டு உயிரோடு இருந்தான்! தோட்டத் தொழிலாளியின் பேரில் கடன் என்று ஒரு சாக்காவது சொன்னார்கள். ஆட்டக்காரன் யாருக்கும் ஒரு காசு கடன்பட்டவனல்ல.

இதை எதிர்த்து முன்பே யாரும் போராடவில்லையா? போராடினார்கள். 1907-ல் மான்செஸ்டரில் பில்லி மெரிடித் முதலானோர் ஆட்டக்காரர் சங்கத்தை நிறுவினார்கள். 1909-ல் சங்கத்தை விட்டு விலகு, இல்லாவிட்டால் ஆட விடமாட்டோம் என்று மேலிடம் மிரட்டியபோது, மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் விலக மறுத்தார்கள். சங்கத்தின் அங்கீகாரம் பிழைத்தது, கூலி வரம்பு நீங்கவில்லை. 1912-ல் ஹெர்பர்ட் கிங்கபி என்ற ஆட்டக்காரருக்காக ஆஸ்டன் வில்லா கிளப்பின் மேல் சங்கம் வழக்குப் போட்டது, தோற்றது. வழக்குச் செலவில் சங்கமே திவாலாகும் நிலைக்கு வந்தது. அந்த அடிக்குப் பிறகு அரை நூற்றாண்டு சீட்டு முறை அசையாமல் நின்றது.

ஈஸ்ட்ஹாம் நியூகாசிலை விட்டுத் தெற்கே சர்ரே ஜில்லாவுக்குப் போய், தெரிந்த ஒருவரின் வியாபாரத்தில் தக்கை விற்கும் வேலையில் சேர்ந்தார். ஆயிரமாயிரம் பேர் பார்த்துக் கைதட்டிய கால்கள் கடை கடையாக ஏறி இறங்கின. பல மாதம் இப்படி. கடைசியில் கிளப் இறங்கி வந்து அந்த ஆண்டிலேயே அவரை ஆர்சனல் கிளப்புக்கு விற்றது. விலை 47,500 பவுன். 9,000 பவுனுக்கு வாங்கிய சரக்கு! லாபம் போன இடம் கிளப்பின் பெட்டி.

சாதாரண ஆளாக இருந்தால் இத்தோடு விட்டிருப்பார். அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது, பெரிய கிளப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் சங்கம் வழக்கை நடத்தச் சொன்னது, அவரும் சம்மதித்தார். எனக்கு இவரிடம் பிடித்தது இதுதான்.

இதற்கிடையில் கூலி வரம்பை ஒழிக்கச் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானது. தலைவர் ஜிம்மி ஹில், காரியதரிசி கிளிஃப் லாயிட். 1960 கடைசியில் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். மான்செஸ்டர் கூட்டத்தில் நடந்ததாக இன்றும் ஒரு சம்பவம் சொல்கிறார்கள். ஓர் இளம் ஆட்டக்காரர் எழுந்து, என் அப்பா சுரங்கத்தில் வேலை செய்கிறார், அவர் கூலி என்னுடையதைவிடக் குறைவு, நமக்கு இது போதாதா என்று கேட்டார். கூட்டம் மௌனமாகிவிட்டது. நியாயமான கேள்விதானே? அன்று இங்கிலாந்தில் ஆண் தொழிலாளியின் சராசரி வாரக் கூலியே 14, 15 பவுன்தான். அப்போது போல்டன் கிளப்பின் டாமி பாங்க்ஸ் எழுந்தார். உன் அப்பாவின் வேலையை நான் செய்கிறேன், சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்து ஸ்டான்லி மாத்யூஸை மறிக்கட்டும் என்றாராம். மாத்யூஸ் என்றால் அந்த நாளில் எதிரி யாரும் பிடிக்க முடியாத ஆட்டக்காரர். கூட்டம் சிரித்தது, வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கியது.

அந்தப் பதிலில் உள்ள விஷயம் வெறும் சிரிப்பல்ல. பக்கத்தில் இருப்பவன் குறைவாக வாங்குகிறான் என்பதைக் காட்டி உன் வாயை அடைப்பது முதலாளியின் மிகப் பழைய தந்திரம். நெசவுக்காரனிடம் கூலியாளைக் காட்டுவான். கூலியாளிடம் வேலை இல்லாதவனைக் காட்டுவான். ஆட்டக்காரனுக்கு 20 பவுனுக்கு மேல் கொடுக்காததால் சுரங்கத் தொழிலாளிக்கு ஒரு பென்னி கூடியதா? டிக்கெட் விலைதான் குறைந்ததா?

1961 ஜனவரி 21-ந் தேதி வேலைநிறுத்தம் என்று நாள் குறித்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால் லீக் பணிந்தது. 60 வருஷத்துக் கூலி வரம்பு ஒரு வார்த்தையில் போயிற்று. அந்த ஆண்டே ஃபுல்ஹாம் கிளப்பின் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுன் கிடைத்தது. 20 பவுனுக்கு மேல் கொடுத்தால் கிளப்புகள் அழிந்துவிடும் என்று ஒப்பாரி வைத்தவர்கள்தான் இந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள்!

சீட்டு முறையை மட்டும் கிளப்புகள் விடவில்லை. ஆகவே வழக்கு நடந்தது. 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆளை இப்படி நிறுத்தி வைப்பது அவன் தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்புச் சொன்னார். முதலாளிகள் ஒரே அணியாக நின்று தங்களுக்காக உண்டாக்கிய முறை இது என்றும் அந்தத் தீர்ப்பில் எழுதினார். ஒரு நீதிபதியின் வாயிலிருந்து இது! ஆனால் ஆடாமல் நின்ற நாட்களுக்கு ஈஸ்ட்ஹாம் கேட்ட சம்பளத்தைக் கோர்ட் கொடுக்கவில்லை. அதைக் கிளப்பின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது. ஒப்பந்தம் முடிந்தவனுக்கும் விலை கேட்கும் வழக்கம் முழுதாகப் போக, பெல்ஜியம் நாட்டு ஆட்டக்காரர் போஸ்மான் ஐரோப்பியக் கோர்ட்டில் 1995-ல் ஜெயிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் ஜெயிப்பதற்குள் ஆடும் வயது போய்விட்டது.

இனி ஈசாக்குக்கு வருவோம். அவரை நான் தியாகி ஆக்கப் போவதில்லை. அவர் தக்கை விற்கப் போகவில்லை. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே ஆட மறுத்தவர். சங்கம் எதுவும் அவருக்காகத் தெருவில் நிற்கத் தேவை இருக்கவில்லை. அவர் பேரம் பேச முடிந்ததென்றால், அந்தப் பேரச் சக்தி 1912-ல் தோற்றவர்களும் 1961-ல் கை தூக்கியவர்களும் சம்பாதித்துக் கொடுத்தது. அது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

அவர் மேல் பாய்கிறவர்கள், கிளப்பின் இன்றைய சொந்தக்காரர் யார் என்று கேட்டார்களா? சவூதி அரேபிய சர்க்காரின் நிதி ஸ்தாபனம். தொழிற்சங்கம் வைக்கவும் வேலைநிறுத்தம் செய்யவும் தடை உள்ள தேசம் அது. நம் ஜில்லாக்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் அங்கே கட்டட வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போயிருக்கிறார்கள்! "கஃபாலா" என்றால் என்ன என்று அவர்களைக் கேளுங்கள். வேலை கொடுத்தவன் சம்மதிக்காமல் வேலை மாற முடியாது, நாடு திரும்பவும் அவன் அனுமதிக்க வேண்டும் என்ற முறை அது. பக்கத்துக் கத்தாரிலும் இதே முறை இருந்தது. அங்கே ஆடப் போன பிரெஞ்சு ஆட்டக்காரர் சாஹிர் பெலூனி, சம்பளப் பாக்கி கேட்டுக் கிளப்போடு தகராறு ஏற்பட்டதால் வெளியேற அனுமதி கிடைக்காமல் குடும்பத்தோடு மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்தார். 2013 நவம்பரில்தான் ஊர் திரும்பினார். ஆட்டக்காரர் ஆனதால் அவர் பெயராவது பத்திரிகையில் வந்தது.

சவூதியில் 2021 மார்ச் மாதம் இந்த முறையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். வீட்டு வேலைக்காரர்களையும் வீட்டு டிரைவர்களையும் பண்ணையாட்களையும் அந்தச் சலுகையில் சேர்க்கவில்லை. நியூகாசில் கிளப்பை அவர்கள் வாங்கியதும் அதே 2021-ல்தான், அக்டோபர் மாதம்.