ட்ரிகரில் கைவைக்காதீர்கள்

மறைமலைநகர் தொழிற்பேட்டையில் மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடையும் கைகள் ஏராளம். அந்தக் கைத்திறன் நம் ஊரின் சொத்து. ஆனாலும், பட்டறையில் பிரித்து மாற்றிப் பார்க்கும் பொருளல்ல கைத்துப்பாக்கி. செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் தோட்டா வெடித்ததும் மேலுள்ள ஸ்லைடு பின்னுக்குப் போய் வெற்றுத் தோட்டாக்கூட்டை வெளியே தள்ளும். ஸ்பிரிங் அதை முன்னுக்குத் தள்ளும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா ஏறும். ட்ரிகரிலுள்ள விரலைத் தளர்த்தி மீண்டும் அழுத்தினால்தான் அடுத்த குண்டு கிளம்பும். இந்த ஒழுங்கைக் காப்பவை உள்ளிருக்கும் சின்னஞ்சிறு உலோகத் துண்டுகள். அவற்றில் ஒன்று தேய்ந்தாலும் கீழே விழுந்த துப்பாக்கி தானாக வெடிக்கக்கூடும். 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் ட்ரிகரை இழுக்கத் தேவையான எடை 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேச விதி வைத்து, எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பதும் சும்மா அல்ல. உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் துப்பாக்கி தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. கடுமைதான்; ஆனால் தேவையான கடுமை. அதேசமயம், இந்த எந்திரம் இயங்கும் விதத்தைத் துப்பாக்கி சுடும் வீரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் போட்டி நடுவே பழுதாகி, இறுதிச்சுற்று கைநழுவியதை மறக்க முடியுமா? பயிற்சி மன்றங்கள் குறிபார்ப்பதோடு பராமரிப்பையும் கற்றுத்தரட்டும். பாகத்தை மாற்றும் வேலையை மட்டும் உரிமம் பெற்ற கைவினைஞரிடமே விடுங்கள்.