பட்டியலில் விட்டுப்போன தொட்டி

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பாதுகாப்பு வணிகக் கட்டுப்பாட்டு இயக்ககம் 2016 ஜூலை 22 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலை நம் துப்பாக்கிப் பட்டறைகளில் படிக்காதவர் இருக்க மாட்டார்கள். 'உற்பத்தி' என்றால் ஐட்டார் எனும் ஆயுத ஏற்றுமதி விதிகளின்படி பதிவு என்றது அது. ஒரு திருகைக்கூட ஏற்றுமதி செய்யாதவரும் அப்போது ஆண்டுக்கு 2,250 டாலர் கட்ட வேண்டியிருந்தது. லேத் வேலை பற்றிய பிரிவுகளை வழக்கறிஞர்கள் அலசட்டும். என் கண் போய் நின்றது மேற்பூச்சு பற்றிய ஒற்றை வரியில்.

ஹைட்ரோகிராஃபிக் பெயிண்ட், செராகோட், ப்ளூயிங்: இவற்றுக்குப் பதிவு வேண்டாம் என்றது அந்த வரி. எஃகைப் பாஸ்பேட் தொட்டியில் முக்கும் பார்க்கரைசிங்? பெயரே இல்லை.

பாஸ்பேட்டும் அதே வகைதான் என்பது நம் நிலைப்பாடாக இருந்தது. வெட்டுவதில்லை, துளைப்பதில்லை, துல்லியத்தைக் கூட்டுவதில்லை. பதிவு தேவையில்லை என்றே இந்த இதழ் வாசித்தது.

ஆனால் பயந்தவர் அப்படி வாசிக்கவில்லை. அப்போது ஒருவர் 1943ஆம் ஆண்டு கேரண்ட் ராணுவத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தார். "வம்பு எதற்கு, செராகோட்டே போட்டுவிடுங்களேன்" என்றார். ரிசீவரின் குதிகாலில் வரிசை எண். போல்ட்டில் டி28287, ஆழமில்லாத முத்திரை. செராகோட் சுட்டெடுத்த பெயிண்ட், அந்த எழுத்துகளின் மேல் போர்வைபோல் படுத்துவிடும். பாஸ்பேட் அப்படியல்ல, எஃகைக் கொஞ்சம் தின்று, அதிலேயே வேர்விட்டு, எண்ணெயைக் குடித்துக்கொண்டு நிற்கும் படிகம். கேஸ் சிலிண்டருக்குக் கறுப்புப் பூச்சு கொடுங்கள், தடையில்லை. துருப்பிடிக்காத எஃகில் பாஸ்பேட் எங்கே பிடிக்கிறது! மற்ற பாகங்கள் மேல் கை வைக்காதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியாயிற்று. (மணலடித்தே முத்திரையைத் தேய்க்கும் நம்மவர்களைத் திட்டியதும் இதே பக்கம்தான்.)

அந்த வழிகாட்டுதலால் அரசாங்கமே தவறான பூச்சுக்கு வழி காட்டியது. மாங்கனீசு எது, துத்தநாகம் எது, ஒவ்வொன்றுக்கும் எந்த எண்ணெய் என்று மில்-டிடிஎல்-16232 என்ற ராணுவத் தரக்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதியது யார்? இதே அரசாங்கம். லட்சக்கணக்கான துப்பாக்கிகளைப் பாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுத்துப் படைக்கு அனுப்பியது யார்? அதுவும் இதே அரசாங்கம். பட்டியல் போட உட்கார்ந்தவர்களுக்குக் கடைத்தெரு பெயிண்ட் நினைவுக்கு வந்தது, தங்கள் சொந்தப் பூச்சு வரவில்லை. கொதிக்கும் தொட்டிப் பக்கம் ஒருநாள் நின்றவர் ஒருவராவது அந்த மேசையில் இருந்தாரா?

விளக்கம் கேட்டு எழுதினோம். பதில் வரும்வரை வேலைச்சீட்டில் "பூச்சு மட்டும், வெட்டலோ துளையோ இல்லை" என்று எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரைகளைப் படமெடுத்து உடன் வைக்கச் சொன்னோம்.