மொட்டைப் பனைக்கு ஒரு வக்காலத்து

மொட்டை மாடியில கிளிக்கு அரிசி வைக்கிறது இப்ப ஒரு ஃபேஷன் ஆயிடுச்சு. தாம்பரத்துலேர்ந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் அடுக்குமாடி வாசிகள் ஊறவச்ச அரிசியைத் தட்டுல கொட்டி, கிளி வந்து தின்னா படம் புடிச்சு, "இயற்கையோடு இணைந்த வாழ்வு"ன்னு வாட்ஸப்புல போடறாங்க. நல்ல மனசு, குறை சொல்லலை. ராயப்பேட்டையில கேமரா பழுது பார்க்கும் சேகர், 2004 சுனாமிக்கு அப்புறம் இப்படித்தான் ஆரம்பிச்சார். ஆயிரக்கணக்கான கிளிகளுக்கு அரிசி போட்டு வெளிநாட்டுப் பத்திரிகை வரைக்கும் பேர் வாங்கினார்.

ஆனா கிளியோட பிரச்சினை பசி இல்லைங்கறது என் கட்சி. அதுக்குத் தேவை வீட்டு வசதி வாரியம் :-)

பொட்டி தட்டறவனுக்கு எதுக்கு பயாலஜின்னு கேக்காதீங்க. கொஞ்சமா சொல்லிட்டு மேட்டருக்கு வந்துடறேன்.

நம்மூர்ல கிளின்னா பெரும்பாலும் செந்தார்ப் பைங்கிளிதான். ஆண் கிளிக்குக் கழுத்துல கறுப்பும் ரோஸுமா ஒரு ஆரம் இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. சாப்பாட்டு விஷயத்துல இது கில்லாடி. வேப்பம்பழம், கொய்யா, மாங்காய், நெல், சோளம்னு எது கிடைச்சாலும் விடாது, பாதியைக் கடிச்சுக் கீழ போட்டுட்டு அடுத்ததுக்குப் போகும். விவசாயியைக் கேட்டா இதைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை வராது! ஆக, சோத்துக்குக் கவலை இல்லை.

கவலை எல்லாம் ஜனவரியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான், அதாவது முட்டை வைக்கிற காலம். கிளி கூடு கட்டாது. மரங்கொத்தி மாதிரி புதுசா பொந்து குடையற ஆயுதமும் அதுகிட்ட இல்லை. ஏற்கனவே இருக்கிற பொந்தைத் தேடிப் பிடிச்சு, அலகால சுரண்டி கொஞ்சம் பெருசாக்கிக்கும், அவ்வளவுதான். அடைகாக்க மூணு வாரம், அப்புறம் குஞ்சு பறக்க ஆறேழு வாரம். ரெண்டு மாசத்துக்கு மேல ஒரு குடும்பமே ஒரு ஓட்டையை நம்பி இருக்கு. அந்த ஓட்டைக்கு மைனா, புள்ளி ஆந்தை, அணில்னு ஏகப்பட்ட பேர் போட்டி. நம்ம வேளச்சேரி வாடகை வீட்டு வேட்டை எல்லாம் இதுக்கு முன்னாடி தூசு.

இப்ப தலைப்புக்கு வர்றேன். பனை மரத்துக்கு வெளிப்பக்கம் வைரம், உள்ளே சோறு. கொண்டை போய் பட்டுப்போன பிறகும் அது சட்டுனு விழாது. வெளி ஓடு கெட்டியா நிக்கும், உள்ளே இருக்கிற சோறு மட்டும் மக்கி, உச்சியில குழாய் மாதிரி குழிவு விழும். நடுவுல மரங்கொத்தி போட்ட ஓட்டை வேற. இதைவிட நல்ல வீடு கிளிக்கு அமையாது. கிளி மட்டும் இல்லை, பேர்லயே பனையை வச்சிருக்கிற பனங்காடையும் இதே மொட்டைப் பனையில்தான் குஞ்சு பொரிக்கும்.

முடிச்சூர், அகரம்தென், மாடம்பாக்கம் பக்கமெல்லாம் வயலும் ஏரிக்கரையும் இருந்த காலத்துல பனைக்குப் பஞ்சமே இல்லை. வயல் மனையாச்சு. மனை போடறவர் முதல் வேலையா ஜேசிபி விட்டுத் தரையை வழிச்சுடறார். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேணும்னு 2021ல தமிழக அரசு அறிவிச்சது நல்ல விஷயம். ஆனா மொட்டைப் பனைக்காக யாரு மனு போடுவாங்க? "செத்த மரம்தானே சார்" என்ற ஒரே வாக்கியத்துல கதை முடிஞ்சுடும். எங்க தெருக்கோடி காலி மனையில நின்ன மொட்டைப் பனையையும் போன வருஷம் இதே வாக்கியம் சொல்லித்தான் சாய்ச்சாங்க. அது மார்ச் மாசம்ங்கறதை நீங்களே குறிச்சுக்கங்க.

மிச்சம் இருக்கிறது என்ன? 1937ல சேலையூர் காட்டுப் பக்கம் வந்த கிறித்துவக் கல்லூரியின் 365 ஏக்கர், சானடோரியம் வளாகங்களின் பழைய மரங்கள், வண்டலூர், நன்மங்கலம் காடுகள். இதுலயும் 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் புகுந்து விளையாடிடுச்சு. வண்டலூர்ல மட்டுமே ஆயிரக்கணக்கான மரம் போச்சு. பதிலுக்குக் கன்று நட்டோம், சரி. ஆனா இன்னிக்கு நட்ட கன்றுல பொந்து விழ நம்ம ரிட்டயர்மென்ட் வரைக்கும் காத்திருக்கணும். புது சிஸ்டம் லைவ் ஆகறதுக்கு முன்னாடி பழைய சர்வரைப் பிடுங்கிப் போடற மேனேஜரை நம்ம ஆபீஸ்ல என்ன சொல்லித் திட்டுவோம்? அதேதான் இங்கயும் நடக்குது.

"பொந்து இல்லேன்னா நான் கூண்டுல வச்சுக் காப்பாத்தறேன்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். சாமி, அது குற்றம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 2022ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் நம்ம பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில இருக்கு. மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். 2023ல வீட்டுல ரெண்டு கிளி வளர்த்த ஒரு நகைச்சுவை நடிகர் வனத்துறைக்கு ரெண்டரை லட்சம் கட்டின கதை எல்லா சேனல்லயும் ஓடிச்சே.

உடனே அடுத்த கட்டமா வெளிநாட்டுக் கிளிக்குத் தாவறாங்க. ஹான்ஸ் மக்காவ்னு ஒண்ணு, மக்காவ் வகையிலயே ரொம்பக் குட்டி, ஒரு அடி நீளம்தான். பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணிட்டா சட்டப்படி வளர்க்கலாம். ஆனா இதோட சொந்த ஊர்ல இது எங்க வாழுதுன்னு படிச்சா சிரிப்பு வரும். தென்னமெரிக்காவின் வடக்கே புல்வெளிகளுக்கு நடுவே நிக்கிற பனந்தோப்புல! பெரும்பாலும் பனையோட பொந்துலதான் குஞ்சு பொரிக்கும். இங்க பனையை வெட்டிட்டு, அங்க பனையில வாழற பறவையைக் காசு குடுத்து வாங்கி, பால்கனி கம்பிக்குப் பின்னாடி வைக்கிறோம்.

பொந்து போனா என்ன ஆகும்னு அதோட சொந்தக்காரர் ஒருத்தர் ஏற்கனவே வாழ்ந்து காட்டிட்டார். 2011ல வந்த 'ரியோ' படத்து ஹீரோ, ஸ்பிக்ஸ் மக்காவ். பிரேசிலின் வறண்ட வடகிழக்குல, ஓடைக் கரையோரமா நிக்கிற ஒரே ஒரு வகை மரத்தின் பொந்தைத்தான் இது பெரும்பாலும் நம்பி இருந்தது. கரையோர மரங்களை வெட்டினாங்க, புதுசா முளைச்ச கன்றுகளை ஆடு மேய்ஞ்சது, மிச்சப் பறவைகளைப் பிடிச்சு வித்தாங்க. 1990ல காட்டுல இருந்தது ஒரே ஒரு ஆண். 2000ல அதுவும் காணாமப் போச்சு. கூண்டுல பெருக்கின பறவைகளை 2022ல மறுபடி அங்க பறக்க விட்டாங்க. 2025ல வைரஸ் நோய் வந்து அதுவும் சிக்கல்ல நிக்குது. காசு கொட்டினா பறவையைப் பெருக்கிடலாம், நூறு வருஷத்து மரத்தைப் பெருக்க முடியாது.

அது என்ன மரம் தெரியுமா? கோடையில இலையே தெரியாம மஞ்சளாப் பூக்குமே டபேபூயா, நம்மூர்ல அழகுக்காக சாலையோரம் நடறாங்களே, அதேதான். அவங்க ஊர் மரம் நமக்கு அலங்காரம், நம்ம ஊர் மரம் நமக்குத் தொந்தரவு!

பின்னூட்டத்துல வரப்போற ரெண்டு கேள்விக்கு இப்பவே பதில்.

"கிளி லண்டன்லயே பெருகிப் போச்சு, இதுக்கெல்லாமா கவலை?" உண்மைதான், உலக அளவுல இது அழியற இனம் இல்லை. ஆனா லண்டன் கிளிகள் எங்க முட்டை வைக்குதுன்னு பாருங்க. வயசான பெரிய மரங்கள் நிறைஞ்ச பூங்காக்கள்ல. நாம வெட்டறதை அவங்க வச்சிருக்காங்க.

"காய்ஞ்ச மரம் தலையில விழுந்தா?" நியாயமான பயம். வீட்டையோ ரோட்டையோ ஒட்டி இருந்தா எடுத்துடலாம், இல்லை உயரத்தைக் குறைச்சு பதினைஞ்சு இருபது அடியை விட்டு வைக்கலாம். ஆனா மனைப்பிரிவுல பூங்காவுக்குன்னு விடற ஓ.எஸ்.ஆர். இடமும் ஏரிக்கரையும் இருக்கே? அங்க மொட்டைப் பனை யார் தலையில விழப் போகுது? ஓலை இல்லாத மரத்துல காத்து பிடிக்கவும் பெருசா ஒண்ணும் இல்லை.

நான் கேக்கறது ரெண்டே விஷயம். ஓ.எஸ்.ஆர். இடத்துலயும் ஏரிக்கரையிலயும் நிக்கிற பட்ட மரத்தை, முக்கியமா பனையை, விட்டு வைக்கணும். வெட்டியே ஆகணும்னா ஜனவரி டு ஏப்ரல் வேண்டாம், பொந்துல குஞ்சு இருக்கும். இதுக்குப் பைசா செலவு இல்லை. அசோசியேஷன் கூட்டத்துல ஒருத்தர் எழுந்து நின்னு சொன்னாப் போதும்.

உங்க ஏரியாவுல இன்னும் எத்தனை மொட்டைப் பனை நிக்குது? எண்ணிட்டு வந்து சொல்லுங்க மக்களே. பல்லாவரம், மேடவாக்கம் பதிவர்களுக்கு ஸ்பெஷல் அழைப்பு.

டிஸ்கி: அரிசி வைக்கிறவங்க தாராளமா வைங்க. சண்டைக்கு வராதீங்க, கிளி சார்பா ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான் :-)