எடைக்குப் போகும் விளக்குகள்

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, கோலார் தங்கவயலில் சுரங்கக் கழிவு மண் குவிந்த 13 சயனைடு மேடுகளைத் திரும்பவும் தோண்ட ஒப்புதல் கொடுத்தது. ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலம், மூன்று கோடி டன்னைத் தாண்டும் மண். அதில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை எடுப்பது ஒன்றிய அரசின் திட்டம். வேலை வருமா, வந்தால் யாருக்கு, தூசி கிளம்பினால் யார் பொறுப்பு என்று தொழிற்சங்கத்தார் கேட்கிறார்கள். கேட்கட்டும், விடாமல் கேட்கட்டும். நாம் இந்த இதழில் கேட்பது வேறு. மண்ணில் எவ்வளவு தங்கம் மிச்சம் என்று கணக்குப் போட்டாயிற்று. சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் பரணில் என்ன மிச்சம் என்று கணக்கெடுக்கும் பேச்சே எழவில்லை.

2017இல் பெங்களூர் பல்கலைக்கழகத்தை மூன்றாகப் பிரித்தபோது நம் மாவட்டத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வந்தது. பெயரில் பெங்களூர் வடக்கு, தலைமையிடம் கோலார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கலை அருங்காட்சியகம் வேண்டும், அதன் நிலைச் சேகரிப்பு தங்கவயலிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கிறோம்.

“பிழைப்புக்கே வழியில்லாத ஊரில் அருங்காட்சியகமா?” என்று நண்பர்களே கேட்டார்கள். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூர் போய் இருட்டிய பின் திரும்புகிறவர்களின் ஊர் இது. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடிய பிறகு இங்கே என்ன நடந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இயந்திரம் போனது, தண்டவாளம் போனது, கம்பி வடம் போனது. பழைய இரும்புக்காக இருட்டில் குழிக்குள் இறங்கி உயிரை விட்டவர்களும் உண்டு. இந்த ஊரில் பழைய பொருள்களுக்கு ஏற்கெனவே ஒரு சந்தை இருக்கிறது. அந்தச் சந்தைக்குத் தெரிந்த ஒரே அளவு கிலோ.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் கார்பைடு விளக்கு ஒன்றைப் பார்த்தோம். பித்தளை. கீழ்க் குப்பியில் கார்பைடு கல், மேல் குப்பியில் தண்ணீர், இடையில் ஒரு திருகு. திருகைத் தளர்த்தினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும், வாயு கிளம்பும், முன்பக்கத் துளையில் நெருப்பைக் காட்டினால் வெள்ளையாகப் பற்றிக்கொள்ளும். துளைக்குப் பின்னால் வெளிச்சத்தை முன்னே தள்ள ஒரு வட்டத் தகடு. அந்தத் தகட்டின் விளிம்பில் யாரோ ஆணியால் ‘மு’ என்று கீறியிருந்தார்கள். முனுசாமியோ, முத்துவோ, முருகேசனோ. கடைக்காரர் விளக்கைத் தராசில் போட்டு விலை சொன்னார். அவர்மேல் குறை இல்லை, அவர் தொழில் அது. அந்த ‘மு’ யார், எந்த ஷாஃப்டில் எந்த ஷிஃப்டில் இறங்கினார் என்று சொல்லக்கூடிய ஒரு பெரியவர் சாம்பியன் ரீஃபிலோ கோரமண்டலிலோ இன்றைக்கும் இருக்கலாம். அவரிடம் விளக்கைக் காட்டி, சொல்வதை எழுதி, கையெழுத்து வாங்கினால் அது அருங்காட்சியகப் பொருள். எழுதாமல் விட்டால் ஏழெட்டு நூறு கிராம் பித்தளை.

ஆகவே கட்டடத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம். கட்டடம் என்றதும் ஒப்பந்தக்காரரும் அடிக்கல்லும் முன்னே வந்துவிடுவார்கள். முதலில் வேண்டியது ஒரு பதிவேடு. வந்த நாள், கொடுத்தவர், யார் பயன்படுத்தியது, எங்கே, எந்த நிலையில் வந்தது என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி, ஓர் எண். அந்த எண் ஏறிய பிறகு துணைவேந்தர் மாறினாலும், துறை மூடப்பட்டாலும், பல்கலைக்கழகமே கடனில் விழுந்தாலும் பொருள் வெளியே போகக் கூடாது. தற்காலிகக் கண்காட்சிகள் வரும், போகும். நிலைச் சேகரிப்பைப் போகவிடாமல் வைத்திருப்பதுதான் அந்த நிறுவனத்தின் வேலை.

கலை அருங்காட்சியகத்தில் விளக்குக்கு என்ன இடம் என்று ஓவியர் நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு ஒரு பதில் வைத்திருக்கிறோம். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்த நாளிலிருந்து இங்கே மைன் சர்வே ஆட்கள் நெடுக்குவெட்டுப் படம் வரைந்துகொண்டே இருந்தார்கள். மினுங்கும் டிரேசிங் துணியில் கறுப்பு மையில் ஷாஃப்ட், அதிலிருந்து படிப்படியாகக் குறுக்கே ஓடும் லெவல்கள், வெட்டியெடுத்த பாறைக்கு ஒரு சாயம், விட்டுவைத்த பாறைக்கு வேறொரு சாயம். வேலை கீழே போகப் போகப் படத்தின் கீழ்ப்பக்கத்தில் துணியை ஒட்டி நீட்டியிருப்பார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தை ஒரு மேசை நீளத்துக்குள் அடக்கிய கை யாருடையது என்று படத்தில் இராது, மேலதிகாரியின் கையொப்பம்தான் இருக்கும். பெங்களூர் கேலரிகளில் லட்சக்கணக்கில் விலை போகும் அரூப ஓவியங்களுக்குப் பக்கத்தில் இதைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். கோடு நடுங்காமல் இழுக்கத் தெரிந்தவர்கள் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

பல்கலைக்கழகங்கள் நம் குழிக்குள் இறங்கியதே இல்லை என்று சொல்ல முடியாது. 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தை இங்கே ஆழத்தில் பிடித்தார்கள். உலக இயற்பியல் வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. மேலே இருக்கும் பாறை வடிகட்டியாக உதவும் என்பதால் வந்தார்கள். அந்தப் பாறையைக் குடைந்து வழி செய்துகொடுத்தவர்களைத் தேடி இப்போது ஒரு பல்கலைக்கழகம் வரட்டும் என்கிறோம்.

வழிகாட்டத் தொலைவில் யாரும் வேண்டாம். கல்கத்தா பல்கலைக்கழகம் 1937இல் அசுதோஷ் அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது அரண்மனைச் சாமான்களை மட்டும் நம்பி இருக்கவில்லை. வங்காளத்துக் கிராமங்களின் காந்தா தையலும் சுடுமண் சிற்பமும் காளிகாட் படமும் அங்கே சேர்ந்தன. மைசூர் பல்கலைக்கழகம் 1968இல், இளவரசிக்காகக் கட்டிய ஜெயலட்சுமி விலாஸ் மாளிகையில் நாட்டுப்புற அருங்காட்சியகம் திறந்தது. ஓவியர் பி. ஆர். திப்பேசாமியும் ஆய்வாளர் ஜீ. சம். பரமசிவய்யாவும் கன்னட நாட்டு ஊர்களிலிருந்து ஏர், உரல், தோல்பாவை, யட்சகான ஆடை எனத் திரட்டிய பொருள்கள் அதில் உள்ளன. உழவருக்கும் கூத்தாடிக்கும் இளவரசியின் மாளிகையில் இடம் கொடுத்த மாநிலம் இது. சுரங்கத் தொழிலாளிக்கு மட்டும் இடம் இல்லையென்று சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை.

அச்சுப் பொருள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்குத் தங்கவயல் வெறும் சந்தாதாரர் ஊராக மட்டும் இருக்கவில்லை. மாரிக்குப்பத்துப் பௌத்தர்கள் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். 1914இல் அவர் மறைந்தார். 1926இல் ஜி. அப்பாதுரையார் அதே பெயரில் இதழை இங்கிருந்தே திரும்பக் கொண்டுவந்தார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாகப் போட்டது. பகலில் பாறை உடைத்த ஊர் இரவில் அச்சுக் கோத்தது. 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளை வெளியிட்ட பிறகுதான் தமிழ்நாடு அந்தப் பெயரைத் திரும்பிப் பார்த்தது. அந்தத் தொகுதிகளுக்கு மூலம் பழைய இதழ்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த தனிமனிதர்களின் வீடுகள். எல்லா வீட்டிலும் அப்படிப்பட்டவர் இருப்பதில்லை. இருந்தாலும் அவருக்குப் பிறகு மகன் பெங்களூரில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் இருப்பார்.

வாங்குகிற பல்கலைக்கழகம் பொருளைத் தன் ஊருக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதும் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாவற்றையும் அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றவில்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டிலேயே வைத்துக் காக்கலாம் என்று ஒத்துக்கொள்ளும்போது, கோலார் பல்கலைக்கழகம் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தங்கவயலில் ஒரு கிளை வைக்க மறுக்காது என்று நம்புகிறோம். பூட்டிக் கிடக்கும் சுரங்கக் கட்டடங்களில் ஒன்றைக் கேட்டு வாங்கினால் போதும்.

நம்பிக்கை மட்டும் போதாது என்பதற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் பல்கலைக்கழகம் 1866இல், அடிமைமுறை ஒழிந்த கையோடு, கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்டது. 1949இல் ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப், மறைந்த தன் கணவர் ஆல்ஃபிரட் ஸ்டீக்ளிட்ஸின் சேகரிப்பிலிருந்து ஒரு பகுதியையும் தன் ஓவியங்கள் சிலவற்றையும் சேர்த்து, மொத்தம் 101 படைப்புகளை அங்கே கொடுத்தார். பிக்காசோ, செசான், ரெனுவா எல்லாம் அதில் உண்டு. நியூயார்க் அருங்காட்சியகங்கள் கையேந்தி நின்றிருக்கும். அவர் தேர்ந்தெடுத்தது நிறவெறிச் சட்டம் நடைமுறையில் இருந்த தெற்கில் ஒரு கறுப்பினப் பல்கலைக்கழகத்தை. விற்கக் கூடாது என்பது நிபந்தனை.

2005இல் ஃபிஸ்கிடம் பணம் இல்லை. இரண்டு ஓவியங்களை விற்க அனுமதி கேட்டு நீதிமன்றம் போனார்கள். ஒன்று ஓ’கீஃப் 1927இல் வரைந்த, இரவில் ஒளிரும் நியூயார்க் கட்டடம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2012இல் வால்மார்ட் குடும்பத்துப் பெண்மணி ஆர்கன்சாவில் கட்டிய கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் 3 கோடி டாலர் கொடுத்துச் சேகரிப்பில் பாதிப் பங்கு வாங்கியது. இப்போது படைப்புகள் இரண்டு ஆண்டு இங்கே, இரண்டு ஆண்டு அங்கே. ஃபிஸ்கைத் திட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. மாணவருக்கு வகுப்பு நடத்துவதா, சுவரில் பிக்காசோவை மாட்டிவைப்பதா என்று ஓர் ஏழைக் கல்வி நிறுவனத்தைத் தள்ளியது யார் என்பதுதான் கேட்க வேண்டியது. பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கும் அந்தச் சபலம் உண்டு. 2009இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தன் ரோஸ் அருங்காட்சியகத்தை மூடிச் சேகரிப்பை விற்க முடிவெடுத்து, எதிர்ப்புக்குப் பின் கைவிட்டது. ஓ’கீஃப் விதித்த நிபந்தனை ஒன்று இருந்ததால்தான் ஃபிஸ்க் விஷயத்தில் வழக்காட இடம் இருந்தது, பாதியாவது தங்கியது. நாம் கொடுக்கும்போது நிபந்தனையை எழுத்தில் வாங்க வேண்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். டெய்லர் கம்பெனியோடு கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்கள் வந்தார்கள், சாவடியும் கிளப்பும் தேவாலயமும் கட்டிக்கொண்டார்கள். நம் சுரங்கம் மூடி ஐந்து ஆண்டுகளில், 2006இல், அவர்கள் சொந்த ஊரின் பழைய சுரங்க நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இங்கே சயனைடு மேடு சினிமா லொகேஷன் ஆனது. 2018இல் ‘கே.ஜி.எஃப்.’, 2024இல் ‘தங்கலான்’. ‘தங்கலான்’ எடுத்த பா. ரஞ்சித் நம் பாட்டன்களைப் பற்றி யோசித்தார், அதற்கு மரியாதை. ஆனாலும் செட்டில் செய்த கடப்பாறையைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு உண்மையான கடப்பாறையின் தேய்ந்த முனையைக் காட்ட ஓர் இடம் வேண்டாமா? சுற்றுலாத் துறை அருங்காட்சியகம் வைத்தால் வாசலில் தங்கக் கட்டி நிற்கும், செல்ஃபி எடுக்க. அதனால்தான் பல்கலைக்கழகத்தைக் கேட்கிறோம்.

விளக்க அட்டைகள் கன்னடத்திலும் தமிழிலும் இருக்கட்டும், தெலுங்கையும் சேர்க்கலாம். இதில் சண்டைக்கு ஒன்றும் இல்லை. கோலாரம்மா கோயிலில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பி. எல். ரைஸ் ‘எபிகிராபியா கர்னாடிகா’வின் 10ஆம் தொகுதியில் கோலார் மாவட்டத்துக் கன்னடத்தையும் தமிழையும் ஒரே புத்தகத்தில்தான் போட்டார்.

எல்லாவற்றையும் காட்டிவிடவும் கூடாது. 1930இல் கைரேகை பதியச் சொன்னதை எதிர்த்து இங்கே வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ரேகைப் புத்தகம் எங்காவது அகப்பட்டால் அதைக் கண்ணாடிக்குள் விரித்துவைக்கலாமா? வைக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. சேகரிப்பில் இருக்கட்டும், ஆய்வாளர் கேட்டால் காட்டட்டும். சிலிகோசிஸ் நோயாளிகளின் எக்ஸ்ரே, ஏர்பிளாஸ்ட்டில், அதாவது ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறியதில், போனவர்களின் பட்டியல் இவற்றையெல்லாம் அந்தந்தக் குடும்பத்தாரைக் கேட்காமல் சுவரில் ஏற்றக் கூடாது.

பல்கலைக்கழகத்துக்குக் கன்னடத்தில் மனு எழுதியாயிற்று. அவர்கள் பதிலுக்குக் காத்திராமல் பதிவேட்டை நாமே தொடங்குகிறோம். இதழின் நடுப்பக்கத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறோம். பொருள், யாருடையது, எந்த மைன், கொடுத்தவர், அவருக்குத் தெரிந்த கதை என ஐந்து கட்டங்கள். கைபேசியில் பொருளை இரண்டு பக்கமும் படமெடுத்துப் படிவத்தோடு அனுப்புங்கள். பொருளை மட்டும் இப்போது அனுப்பிவிடாதீர்கள், வீட்டிலேயே இருக்கட்டும். நம் அலுவலகக் கூரை ஒழுகுகிறது.