கொல்லைப்புறம் எட்டாத கடிகாரம்

ரெட்டிபாளையத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. பெரியப்பா காலமான பிறகு தனியாகத்தான் வாசம். சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் மகன், சென்ற பொங்கலுக்கு வந்தபோது ஒரு ஸ்மார்ட் கடிகாரத்தை அம்மாவின் இடது கையில் கட்டி விட்டுப் போனான். மணி காட்டும், நாடி பார்க்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டியிருப்பவர் தடுமாறி விழுந்தால் தானே தெரிந்து கொண்டு மகனுக்குச் செய்தி அனுப்பும். பிள்ளை நிம்மதியாக விமானம் ஏறினான்.

ஆடி மாதம் ஒரு நாள் காலை, துணி துவைக்கிற கல்லருகே பாசியில் வழுக்கிப் பெரியம்மா விழுந்து விட்டாள். கடிகாரம் கையில் துடித்தது. "அடி பட்டதா?" என்று எழுத்தில் கேட்கவும் கேட்டது. செய்திதான் போகவில்லை! அரை மணி கழித்துப் பால் கொண்டு வந்த பெண்தான் பார்த்துத் தூக்கி உட்கார வைத்தாள். நல்ல வேளையாக மணிக்கட்டுச் சுளுக்கோடு போயிற்று.

"இத்தனை ரூபா போட்டு வாங்கினானே, சமயத்துல ஊமையாப் போச்சேப்பா!" என்று நான் போனதும் பெரியம்மா முறையிட்டாள்.

கடிகாரத்தின் மேல் பழி போடுவதற்கில்லை. இந்த ரகத்துக்குச் சொந்தமாகச் சிம் கிடையாது. அது கைபேசியிடம் சொல்லும். கைபேசிதான் ஊருக்குச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவே தூது போவது புளூடூத். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹெரால்டு என்ற ராஜாவுக்கு 'நீலப்பல்' என்று பட்டப் பெயர். அதைத்தான் இதற்கு வைத்தார்கள். சுவீடன் நாட்டு எரிக்ஸன் கம்பெனியில் 1994-ல் தொடங்கிய வேலை இது. பல்லுக்கும் கடிகாரத்துக்கும் வேறு சம்பந்தம் ஒன்றுமில்லை!

இந்தத் தூதன் பரம சாது. சாதாரணமாக இரண்டரை மில்லிவாட் சக்தியில் பேசுவான். அரை வாட் இரவு விளக்கின் சக்தியில் இருநூறில் ஒரு பங்கு! பத்து மீட்டர் என்பது கணக்கு. தூரம் இரு மடங்கானால் சேரும் சக்தி கால் பங்காகி விடும். "திருச்சி ரேடியோ இங்கே வரைக்கும் பாடிச்சே?" என்று பெரியம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. 1939-ல் தொடங்கிய அந்த நிலையம் பின்னாளில் 936 கிலோஹெர்ட்ஸில் ஒலித்தபோது, அதன் அலை ஒவ்வொன்றும் சுமார் 320 மீட்டர் நீளம். மரம், வீடு என்று எதையும் லட்சியம் செய்யாது. பின்னால் பிரம்மாண்டமான சக்தி வேறு. புளூடூத் அலையோ பன்னிரண்டரை சென்டிமீட்டர், ஒரு சாண் கூட இல்லை. சுவர் அதை விழுங்கும். இரும்பு திருப்பி அனுப்பும். தண்ணீர் குடித்து விடும். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே? கடிகாரம் இடது கையிலும் கைபேசி வலப்பக்கத்து இடுப்பிலும் இருந்தாலே, நடுவில் நாமே ஒரு சுவர்தான்.

ரெட்டிபாளையத்தில் இன்னொரு வேடிக்கை. இந்தப் பூமி பல கோடி வருஷங்களுக்கு முன் கடலடியில் கிடந்தது. அன்று படிந்த சுண்ணாம்புக் கல்லை வெட்டித்தான் இங்குள்ள அல்ட்ராடெக் ஆலையில் சிமெண்ட் ஆக்குகிறார்கள். சிமெண்ட் ஊரில் இருந்து கொண்டு ஓட்டு வீடா என்று, பெரியப்பா பின்கட்டை இடித்துக் கம்பியும் கான்கிரீட்டுமாகச் சமையலறை கட்டினார். கைபேசியின் ஸ்தானமோ கூடத்து இரும்பு பீரோவுக்குள், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில்! பாவம், தூதன் என்ன செய்வான்?

பரீட்சித்துப் பார்த்தோம். வாசல் தெருவில், நடுவே தடையில்லாதபோது, நாற்பது தப்படி வரை தொடர்பு அறவில்லை. கைபேசியைப் பழையபடி பீரோவில் வைத்துக் கொல்லைப் பக்கம் நடந்தால், பதினாலாவது தப்படியிலேயே அறுந்தது. பீரோவை விட்டு வெளியே எடுத்துச் சமையலறை ஜன்னலில் ஒரு துணிப் பையில் தொங்க விட்டோம். துவைக்கிற கல் வரை தாராளமாக எட்டியது. மாட்டுக் கொட்டகையின் கோடிக்கு மட்டும் எட்டவில்லை. அங்கே போகும்போது பையோடு எடுத்துப் போக வேண்டும். அல்லது மாதக் கட்டணம் கட்டிச் சிம் உள்ள கடிகாரம் வாங்க வேண்டும். கைபேசி போட்டுக் கொண்டிருந்த இன்னொரு கோணலும் அகப்பட்டது. பாட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று, கடிகாரத்தோடு பேசும் செயலியை அது அடிக்கடி தூங்க வைத்து விடுகிறது. அந்தச் சிக்கனத்தை நிறுத்தினோம். தொடர்பு அறுந்தால் கடிகாரம் துடித்துக் காட்டும் வசதி மூடிக் கிடந்தது. அதையும் திறந்து விட்டோம். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் வயதானவர்கள் கையில் இப்படியொன்று இருந்தால், அவர்கள் குளியலறைக்கும் கிணற்றடிக்கும் போகும்போது ஒரு தரம் கூடவே நடந்து பாருங்கள். குளியலறைதான் பெரும்பாலும் வழுக்குகிற இடம். கைபேசி கூட வராத இடமும் அதுதான்.

கடைசியாக, துவைக்கிற கல்லருகே நின்று பெரியம்மா அபாயப் பொத்தானை அழுத்தினாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஜன்னலில் தொங்கிய பை அலறியது. சிங்கப்பூரில் அப்போது பகல் பன்னிரண்டரை.

"அம்மா! என்ன ஆச்சு?" என்று பதறினான் பிள்ளை.

"ஒண்ணுமில்லேடா, சும்மா அழுத்திப் பார்த்தோம். ஆமா, சாப்பிட்டியா?" என்றாள் பெரியம்மா.