ஊசி பயணிக்கு, பீலித் தண்ணீர் தொழிலாளிக்கு

எல்லவின் மலைக்காட்சியைக் காண வரும் மேலைநாட்டவர் பலர், புறப்படுமுன்னரே ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியை ஏற்றிக்கொள்கின்றனர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் இலங்கைப் பயணிகளுக்கு இதனைப் பரிந்துரைக்கின்றது. சில மைல்கள் அப்பாலுள்ள ஹாலிஎல தோட்ட லயன்களில் வாழ்வோருக்கோ, அரச தடுப்பூசித் திட்டத்தில் இதற்கு இடமில்லை. பீலித் தண்ணீரே கதி.

செங்கமாரி என நம்மவர் அழைப்பதன் ஒரு வடிவமே இது. மலத்தால் மாசுற்ற நீராலும் உணவாலும் பரவும் வைரஸ், உடலிற் புகுந்து ஏறத்தாழ 4 வாரங்களின் பின்னரே நோயாக வெளிப்படுகின்றது. கண் மஞ்சளாகுமுன் 2 வாரங்களில்தான் தொற்று மும்முரமாகப் பரவும். ஆதலால், சுகதேகியாகத் தோன்றும் சமையற்காரரின் கையிலிருந்தும் அது வரலாம். எல்லவின் உணவகங்களுக்கு வேலைக்குச் செல்வோரில் தோட்டத்து இளைஞர்களும் உளர். ஐஸ் கட்டியில் இக்கிருமி சாகாது; கொதிநீரிற் சாகும்.

சிறுவயதில் இந்நோய் பெரும்பாலும் அறிகுறியின்றிக் கடந்து, வாழ்நாள் எதிர்ப்பாற்றலைத் தந்துவிடும். 'எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாம் பழக்கந்தான்' என்போர் இதனையே நம்புகின்றனர் போலும். ஆனால், குடிநீர் சற்றுத் தூய்மையுறும்போது தொற்றாமலே வளர்ந்தவர்கள் பின்னர் கடுமையாக நோயுறுகின்றனர். கனடாவிலும் ஐரோப்பாவிலும் பிறந்து, விடுமுறைக்கு உறவினர் வீடு வரும் பிள்ளைகளின் நிலையும் இதுவே. 'சொந்த ஊர்தானே' என்று பெற்றோர் ஊசியை மறந்துவிடுகின்றனர்.

2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தன. ஊற்றுகளைச் சுற்றி வேலியிடுவதும், தாங்கிகளுக்குக் குளோரின் இடுவதும், மலசலகூடங்களை ஊற்றுக்குக் கீழ்ப்புறமாக அமைப்பதும் பெருஞ்செலவுக்குரியனவல்ல. தோட்ட நிர்வாகமா, பிரதேச சபையா பொறுப்பு என்பதை இரு தரப்பும் அடுத்த மழைக்கு முன் தீர்த்துக்கொள்ளட்டும்.